குளிர்க் கணக்கு

கப்பலோடு ஒரு தாளும் வரும்.
குளிர்காலக் கோதுமை. செம்மணி, கடின ரகம்.
மறைப் பதினெட்டுப் பாகை வரை உறைபனி தாங்கும்.
தண்டு குட்டை, காற்றுக்குச் சாயாது.
துரு நோய்க்கு நடுத்தர எதிர்ப்பு.
செப்டெம்பர் கடைசியில் விதைக்க,
பனிக்கடியில் கிடக்க விடுக,
வரும் ஆடியில் அறுக்க.

கொழும்புத் துறைமுகத்து ஆய்வுகூடத்தில்
ஏசி பழுதாகி மூன்றாம் நாள்.
முழங்கை வியர்வை பட்டு
'உறைபனி' மட்டும் ஊறிப் பரவியது.

அரைப்பேன், கழுவுவேன்,
மிஞ்சும் பசையை விரலில் இழுத்துப் பார்ப்பேன்.
இழுபடும், அறாது.
பாணுக்கு ஆகும் என்று எழுதுவேன்.
பதினொரு வருடம்
கதிரையில் இருந்தும்
கதிரைக் கண்டதில்லை.

மாதிரிப் பையிலிருந்து நாற்பது மணி.
ஈரப் பஞ்சில் சுற்றி
கொட்டாஞ்சேனை வீட்டு பிரிட்ஜில் வைத்தேன்,
அறுக்குளா மீனுக்கும் யோகட்டுக்கும் நடுவில்.
ஆறு கிழமை குளிர் வேண்டுமாம்.
"மீனில புல் முளைக்கப் போகுது," என்றாள்
கூட இருக்கும் டெல்ஃபின்.
கலண்டரில் கோடு போட்டு வந்தேன்.

முப்பத்தோராம் கோட்டில் கரண்ட் போனது.
பதின்மூன்று மணி நேரம்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
மீனைப் பொரித்துத் தின்று தீர்த்தோம்.
பஞ்சை என்ன செய்வது?
ஊசி முனையளவு வெள்ளை முளைகள்
வெக்கையில் விழித்துக் கிடந்தன.

தொட்டியில் நட்டேன். பல்கனியில்
அடர்த்தியாய், மண்ணோடு படிந்து வந்தது.
மூன்று மாதம், ஒரு சாண்.
கிளைத்தது, இன்னும் கிளைத்தது,
தலை தூக்கவேயில்லை.

நோய் இல்லை. பசளையில் குறையில்லை.
பாதியில் வெக்கை புகுந்தால்
பட்ட குளிரையும் அது கழித்துவிடும்.
முழுக் குளிரும் கடந்ததென்று நம்பாமல்
கதிர் விடாது.

கீழ் மாடிப் பாக்கியநாதன் வந்து பார்த்தார்.
"என்ன புல், முயலுக்கோ?"
கோதுமை என்றேன்.
"எப்ப அறுப்பு?"
ஆடியில் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
காணி உறுதியையும் பிறப்புப் பத்திரங்களையும்
கதவடியில் தோல் பையில் வைத்திருப்பவர்.
நாற்பது வருடமாய் ஆணியில் மாட்டவில்லை
ஒரு படமும்.
"அது செய்யிறது சரிதான்," என்று
போத்தல் தண்ணீரில் பாதியை ஊற்றிவிட்டு
இறங்கிப் போனார்.

மூன்றரைக்கு சூன் பாண் வண்டி
பாட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பியது.
விலை மறுபடியும் ஏறியிருந்தது.
சூடு ஆறாத பாணைப் பிய்த்தேன்.
இழுபட்டது.
டெல்ஃபின் பிரிட்ஜைத் திறந்து
யோகட்டை ஒரு பக்கம் தள்ளினாள்.
"இடமிருக்கு. திரும்ப வைக்கிறியா?"

பையில் இன்னும் பதினேழு மணி இருந்தது.