நித்திரை கொள்ளாது

குருமண்வெளித் துறையில்
துருப்பிடித்த பலகை ஒன்று நிற்கிறது:
கடைசிப் பாதை மாலை 6.00.
ஏழரைக்கும் போகிறது பாதை.
மண்டூர்ப் பக்கம் வீடுள்ள எல்லாருக்கும் தெரியும்.
பலகைக்கு மட்டும் தெரியாது.

நான் திருத்துவதும் அந்த மாதிரிப் பலகைகளைத்தான்.
இயங்குதளத்தின் கருவுக்குள்
ஒவ்வொரு செயற்கூறின் தலையிலும்
ஒரு சாய்கோடு, இரண்டு உடுக்குறி,
அதன்கீழ் மனிதர் மனிதருக்கு எழுதிவைத்த
நாலைந்து வரி.
கணினி அதை வாசிப்பதில்லை.
வாசித்து ஏமாறுவது நாங்கள்.

பகலில் களுவாஞ்சிக்குடியில்
கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன்.
இரவு பத்துக்குப் பிறகு இது. காசில்லை.
"மறுகா ஏன்கா?" என்றாள் தங்கை சுகிர்தமலர்,
திரை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்தபடி.
"அளபுருவின்ட பேரை மாத்தினவன்
குறிப்பில மாத்த மறந்திட்டான்."
"அவனுக்கிட்டச் சொல்லன்."
அவன் வேறு வேலைக்குப் போய்
ஒன்பது வருசம்.

ஆவணக் கருவி சில வேளை எச்சரிக்கும்:
மேலே 'நீளம்' என்கிறாய், கீழே 'அளவு' என்கிறாய்.
பெயர்ப் பொருத்தம் பார்ப்பதோடு
அதன் கடமை தீர்ந்தது.
பெயர் பொருந்திய பொய்கள்
சத்தமில்லாமல் குந்தியிருக்கும்.

கார்த்திகை மழை. கரண்ட் போய்ப் போய் வந்த
ஒரு செவ்வாய் இரவில்
கடிகாரச் சில்லு ஒன்றின் இயக்கியில் இதைக் கண்டேன்:

பூட்டைப் பிடித்தபடி அழைக்கலாம்.
இது நித்திரை கொள்ளாது.

எட்டு வரி இறங்கினால்
நினைவகம் கேட்டுக் கை நீட்டுகிறது.
இல்லையென்றால் கிடைக்கும்வரை காத்திருக்கிறது.
கருவுக்குள் காத்திருப்பென்றால் நித்திரை.
அப்பட்டமான பொய்!
'கொள்ளாது' என்பதைக் 'கொள்ளலாம்' ஆக்கி
விளக்கம் எழுதி, ஒப்பம் வைத்து
அனுப்பிவிட்டுப் படுத்தேன்.
நன்றாகத்தான் கொண்டேன் நித்திரை.

காலையில் பதில்.
நான் கண்டேயிராத பராமரிப்பாளர்,
எப்போதும் ஒற்றை வரிக்காரர்:
"யார் யார் இதை அழைக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை.

தேடினேன். மூன்று இடம்.
ஒன்று வெறுங்கையோடு அழைக்கிறது.
மற்ற இரண்டும்
சுழற்பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அழைக்கின்றன,
மேலே எழுதியிருந்ததை நம்பி.
பூட்டோடு ஒருவன் நித்திரையாகிவிட்டால்
அடுத்தவன் வாசலில் சுழன்றுகொண்டே நிற்பான்.
எங்கோ ஒரு பெட்டி உறைந்துபோகும்.
ஏனென்று தெரியாமல்
யாரோ அணைத்துப் போடுவார்கள்.

குறிப்பு பொய் சொல்லியிருக்கவில்லை.
வாக்குக் கொடுத்திருந்தது.
பிறகொரு நாள் கீழே கைவைத்தவர்
தலைக்குமேல் இருந்ததை வாசிக்காமல்
அதை முறித்திருந்தார்.
நானோ
முறித்ததற்கு உறுதி எழுதிக்கொடுத்திருந்தேன்.
காதுவரை சுட்டது.

அடுத்த திருத்தத்தில் மாறியது
எட்டாம் வரியின் ஒரேயொரு சொல்:
காத்திரு என்பது போய்
கிடைக்காவிட்டால் திரும்பு என்று வந்தது.
குறிப்பில் ஓர் எழுத்தையும் தொடவில்லை.
அந்த வரிகளின் வரலாற்றைக் கிளறினால்
என் பெயர் வராது.

சனிக்கிழமை மண்டூரிலிருந்து திரும்ப ஏழேகால்.
பாதையில் மூன்று மோட்டார்சைக்கிள்,
கூடையில் இரண்டு கோழி, நான்.
ஓட்டுகிறவன் ஞானரூபன்,
என்னோடு ஒரே மண்டபத்தில் ஓஎல் எழுதியவன்.
"பலகையை ஏன்டா இன்னும் மாத்தல்ல?" என்றேன்.

"ஆறு மணிக்குப் பிறகு காத்து மாறினா
நான் பாதை எடுக்கமாட்டன்கா.
ஏழரை எண்டு எழுதினா
சனம் வந்து நிக்கும்.
மறுகா அதுகளுக்கு என்ன சொல்ற?"

கொஞ்ச நேரம் இயந்திரச் சத்தம் மட்டும்.
கரை கிட்டும்போது திரும்பினான்:
"'கடைசி'யில 'சி'யைத் துரு திண்டிட்டு.
உனக்குக் கை சும்மா இருக்காட்டி
அதை எழுதி விடு."