அரை மில்லிமீட்டர் ஆறு

கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்த அன்று
தையல் மெஷின் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது.
பார்க்க அப்படித்தான் இருக்கிறது:
வளைந்த கை, சின்ன மேஜை,
ஊசி இருக்கவேண்டிய இடத்தில்
மேலும் கீழும் துடிக்கும் ஒரு பல்வரிசை.
மறுநாள் காலை ஹமீதா நாச்சியா
ரவிக்கைத் துணியோடு அளவு ரவிக்கையும் கொண்டுவந்து வைத்தாள்.
ரம்பம் என்றேன்.
உனக்கு எதுக்குடி ரம்பம் என்றாள்.
துணியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

பகலெல்லாம் கூட்டுறவுச் சங்கம்.
சிட்டா, அடங்கல், ஜாமீன் கையெழுத்து.
ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.
இரவில் ஸ்கூட்டர் கொட்டகையில்
பிளேடை மாட்டி இறுக்கி நகத்தால் சுண்டுகிறேன்.
டிங் என்றால் சரி.
டொக் என்றால் இன்னும் ஒரு திருகு.

இதில் வாள் நகராது, மரம்தான் நகரும்.
இது விளங்குவதற்குள் பதினோரு பிளேடு ஒடிந்தது.
மும்முனைக் கரண்ட் வந்து
வயல் மோட்டார்கள் ஒன்றாக எடுக்கும்போது
என் ரம்பம் மூச்சு வாங்கும்.
குடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.
நெல்லோடு போட்டி போட முடியுமா.

புயலில் சாய்ந்த பூவரசம்பலகை.
அதன்மேல் ஒட்டிய வரைபடத்தில்
வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு வந்து
மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிகிறது.
தென்பெரம்பூரில் ஒரு துளை போட்டு
பிளேடை அதற்குள் நுழைத்துக் கிளம்பினேன்.
பென்சில் கோட்டின் மேலேயே போகவேண்டும்.
போனபின் கோடு இருக்காது, தூள்தான் இருக்கும்.
எனக்கு இது பிடித்திருக்கிறது.
சங்கத்தில் எழுதியது எதுவும் இப்படிப் போகாது,
தள்ளுபடியான கடன்கூடச்
சிவப்பு மையில் உட்கார்ந்திருக்கும்.

முதல் பலகையில்
மூன்று ஆற்றையும் கடல்வரை அறுத்தேன்.
கையில் எடுத்ததும் ஜில்லா கழன்றுவிட்டது.
மன்னார்குடி சிமெண்டில் விழுந்து முனை உடைந்தது.
முத்துப்பேட்டையைத் தேட
ஸ்கூட்டரை நகர்த்தவேண்டி வந்தது.

இரண்டாவதில்
கடலுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.
எட்டாத ஆறு.
கடைமடைக்காரர் யாராவது பார்த்தால்
உள்ளதை உள்ளபடி அறுத்திருக்கிறாள் என்பார்கள்.
கோரையாற்றில் ஒரு நெளிவு என் தப்பு.
அந்த நேரம் பாசஞ்சர் போனது,
கொட்டகையோடு நானும் ஆடினேன்.
பாமணியாறு மட்டும் நன்றாக வந்திருக்கிறது,
இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

நாச்சியா வந்தாள்.
மரத்தூள் மணத்துக்கு இரண்டு தும்மல்.
எதுவும் கேட்காமல் பலகையைக் கையில் எடுத்தாள்.
நம்ம தெரு எங்கடி என்றாள்.
பிரியும் இடத்துக்குப் பக்கத்தில்
இடுக்கைக் காட்டினேன்.
இந்த அளவில் அரை மில்லிமீட்டர் என்பது
நம் தெரு, அதன் பின்தெரு,
ரயில்வே கேட், உன் புளியமரம்.
பிளேடின் தடிமனில் போய்விட்டது.

அவள் தரையைப் பார்த்தாள்.
பெருக்காமல் விட்ட செம்பழுப்புத் தூள்.
ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து
இதுல எது எங்க வீடு என்று தேடுவதுபோல் விரலால் கிளறினாள்.
ஊதிவிட்டாள்.

பிறகு பலகையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
அறுத்த இடமெல்லாம் வெளிச்சம் இறங்கியது.
தலைப்பில் தயங்காமல் மூன்றாகப் பிரிந்து
வெள்ளையாக, மெலிசாக,
நான் நிறுத்திய இடம்வரை.
"தண்ணி வந்துருச்சுடி."

ஆணியில் தொங்கிய ரவிக்கைத் துணி
அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.
"இவ்வளவு நெளிவெல்லாம் வெட்டுறே,
ஒரு கழுத்து வெட்டத் தெரியலையா உனக்கு?"