இருபத்தைந்து அடி

கட்டிலில் இருந்து அடுப்படி வரை.
அங்கிருந்து திரும்பி, கக்கூஸ் கதவு வரை.
வராந்தா ஜன்னலுக்கு இரண்டு அடி போதாது.
இருபத்தைந்து அடிக் குழாயின் முனையில்
நான்கு வருஷம் குடியிருந்தாய், முனிரத்தினம்.
பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை நான்.
இப்போது சொன்னால் என்ன,
திரும்பியா பார்க்கப் போகிறாய்.

தண்ணிக் குடத்தோடு, கொதிக்கும் கஞ்சியோடு,
மிதித்துவிடுவேனோ என்று
காலைத் தூக்கித் தூக்கி வைத்து
என் நடையே கொக்கு நடை ஆனது.
"இன்னாடி, சேத்துல எறங்கிட்டியா" என்பாய்.
அதுவும் ஒரே மூச்சில் வராது.
இன்னாடி
சேத்துல
எறங்கிட்டியா
கேலி வந்து சேர்வதற்குள்
பால் பொங்கி, நான் இறக்கியும் வைத்திருப்பேன்.
பிறகுதான் சிரிப்பேன்.

மணலி ரோட்டு எடைமேடையில் இருபத்தாறு வருஷம்.
கரி லாரி பாரத்தோடு ஏறும், வெறுமனே ஏறும்,
கழித்து எழுதுவது உன் வேலை.
உன் சட்டையை அலசிய தண்ணீர்
மூன்றாம் வாளியிலும் கருப்பு.
அதை எவரும் மேடையில் ஏற்றவில்லை.
பீடியும் குடித்தாய்.
சொல்லிவிடுகிறேன், செத்தவனுக்காகப் பொய் எதற்கு.
மீட்டர் பெட்டிக்குள் நீ ஒளித்த கட்டை
எடுத்து நனைத்துத் திரும்ப அங்கேயே வைத்தேன்.
மூன்று நாள் பேசவில்லை நாம்.
உனக்கு அது லாபம், மூச்சு மிச்சம்.

ஸ்டான்லியில் ஊதச் சொன்னார்கள்.
"ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும்"
அந்த டாக்டர் பெண் கத்தின கத்தலில்
பெஞ்சில் இருந்த நாங்களும் கன்னம் உப்ப ஊதினோம்.
முப்பத்தொன்று என்று வந்தது.
வெளியே வந்து, முட்டியில் கையூன்றி,
வெகுநேரம் கழித்துச் சொன்னாய்:
"நாலு மார்க்குல
ஃபெயிலு."

போகிக்கு முந்தின ராத்திரியே
கதவிடுக்கில் ஈரத்துணி அடைப்பேன்.
தெருப் பிள்ளைகள் டயரை உருட்டிக்கொண்டு போகும்.
"அண்ணே வூட்டாண்ட வேணாம்டா" என்று
ஒருத்தன் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.
புகை அப்படியா பார்த்து வரும்.

ஆட்டோவில் உன்னை ஏற்றும்போதெல்லாம்
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்.
மடியில் சிலிண்டர், பக்கத்தில் நீ, எதிரே கூட்ஸ் வண்டி.
பெட்டியை எண்ணு என்று கையால் காட்டுவாய்.
எண்ணுவேன். ஐம்பத்தெட்டு.
ஒரு தடவை அறுபத்து மூன்று.
கேட்காரனை நான் திட்டாத திட்டில்லை,
அவன் அம்மாவையும் சேர்த்து.

அன்றைக்கு
கேட் திறந்திருந்தது.

மெஷினை வாடகைக் கடைக்காரர் எடுத்துப் போனார்.
தண்ணிப் புட்டியில் கீறல் என்று
டெபாசிட்டில் நானூறு பிடித்தார்.
சண்டை போட்டேன்.
அழாமல் போட்ட கடைசிச் சண்டை அதுதான்.
குழாயை வேண்டாம் என்றார்,
ஒருத்தர் மூக்கில் வைத்தது இன்னொருத்தருக்கு ஆகாதாம்.
சுருட்டி ஆணியில் மாட்டினேன்.
தரையில் ஒன்றுமில்லை.
ஆனாலும் அடுப்படிப் போகும் வழியில்
கால் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

போன வாரம் கீழ்வீட்டுக் கொத்தனார் ஏசுபாதம் வந்தான்.
"அக்கா, அந்த டியூப் சும்மாத்தானே கெடக்குது?
மட்டம் பாக்க ஆவும்."
கொடுத்துவிட்டேன்.
யோசித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

மாடிப்படியில் நின்று பார்த்தேன்.
நீ இருந்த இருபத்தைந்து அடியில் தண்ணீர் ஏற்றினான்.
ஒரு முனை இந்தச் சுவரில், மறுமுனை அந்தச் சுவரில்.
நடுவில் எங்கோ ஒரு குமிழி.
நகத்தால் சுண்டினான், போகவில்லை.
மறுபடியும் சுண்டினான்.
"உள்ள துளி காத்து இருந்தாலும்
மட்டம் பொய் சொல்லும்க்கா."

இரு,
இருடா கொஞ்சம், என்றேன்.