பதினோரு தொப்பிகள்

சாந்தியாகோ, மூன்றாம் மாடி, இரவு பத்து மணி.
முந்தைய ஆளின் சூட்டோடு நாற்காலி என்னிடம் வருகிறது.
திரையில் பதினோரு எண்கள்.
ஒவ்வோர் எண்ணும் ஒரு தலை.
ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, அட்டகாமாவில்,
செம்புச் சுரங்கத்தின் சுற்றுப்பாதையில்
முந்நூறு டன் பாறையோடு ஏறிக்கொண்டிருக்கும் தலை.

தொப்பியின் உள்பட்டையில் நாலு உலோகப் பொட்டுகள்.
நெற்றி வியர்வை வழியே மூளையின் மின்சாரத்தை மோப்பம் பிடித்து
நிமிடத்துக்கு ஒருமுறை எனக்கு எழுதிப்போடும்.
ஒன்று என்றால் முழு விழிப்பு.
இரண்டு, பரவாயில்லை.
மூன்றில் நான் பேச வேண்டும்.
நான்கில் வண்டி நிற்க வேண்டும்.
அவர்கள் நினைப்பதெல்லாம் உனக்குத் தெரியுமாமே
என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.
கதவிடுக்கில் கசியும் வெளிச்சம்தான் தெரியும்.
உள்ளே யார், என்ன சண்டை, தெரியாது.

"தூக்கமா?" என்று கேட்கக் கூடாது. எல்லோரும் இல்லை என்பார்கள்.
யோசித்துப் பதில் சொல்லும் கேள்வியாகக் கேள் என்கிறது கையேடு.
அதனால் எனக்குத் தெரியும்:
எலியானா கிஸ்பேயின் நாத்தனார் வாங்கிய கடனைத் தரவில்லை,
பலெரியானோ தக்காளியைத் தொடமாட்டார்,
நோல்பெர்த்தோ சோகேயின் தேநீர்க் குவளைக்குப் பிடி இல்லை.
முகம் ஒன்றையும் பார்த்ததில்லை.

நோல்பெர்த்தோவுக்கு மூன்று மணிக்கு மூன்று வரும்.
அவரை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம்.
சில இரவு நான்கு. ஓரமாக நிறுத்திவிட்டு
இருபது நிமிடம் கண்ணயர்வார்.
விழிப்பு எந்த நொடியில் கைநழுவுகிறது என்று
அவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவளுக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும். எதையோ திருடியது போலிருக்கும்.
காப்பி எடுக்கப் போய்விடுவேன்.

ஒருமுறை நிலம் நடுங்கியது. சின்னதுதான்.
இரண்டு, மூன்று, இரண்டு என்று சாய்ந்து கிடந்த எண்களெல்லாம்
வாத்தியார் நுழைந்த வகுப்பு போல
ஒரே நிமிடத்தில் எழுந்து நின்றன: பதினோரு ஒன்றுகள்.

ஜூனில் ஓர் இரவு,
நோல்பெர்த்தோ பன்னிரண்டு மணி நேரமும் ஒன்று.
மூன்று மணிக்கும் ஒன்று.
ஒன்றில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாதே என்பது விதி.
அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.
விடிந்ததும் மேலாளர் உர்சுவா சுவரில் ஒட்டினார்:
இம்மாதத்தின் சிறந்த விழிப்பு.
பெயரைச் சுற்றிப் பச்சைக் கட்டம்,
பல்பொருள் அங்காடிக்கு இருபதாயிரம் பெசோ சீட்டு.

பிறகு எலியானா சொன்னாள், அவளுடைய ஒரு மூன்றின்போது.
அன்றிரவு அந்தோஃபகஸ்தா மருத்துவமனையில்
அவர் மகனின் மண்டையைத் திறந்திருந்தார்கள்.
ஏழு வயது. வலிப்பு எந்த மூலையிலிருந்து கிளம்புகிறதென்று தேடி
மூளையின் மேலேயே பொட்டுகளைப் பரப்பியிருந்தார்கள்.
இவருக்கு விடுப்பு தீர்ந்திருந்தது.
வண்டிக்குள் செல்பேசி கூடாது.

அதே மின்சாரம்.
அப்பன் நெற்றியில் நாலு பொட்டு, மகனுக்கு அறுபத்து நாலு.
அங்கே யாரோ ஒருவர்
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்திருப்பார்.
இங்கே நான்
ஒன்று, ஒன்று, ஒன்று,
இன்றைக்கு நல்ல இரவு என்று
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு நாள் அந்த வரி காலியாகக் கிடந்தது.
சீட்டை உர்சுவா உறையிலிட்டு அனுப்பிவைத்தார்.

நேற்று மறுபடி எரிந்தது.
நள்ளிரவு தாண்டியும் இரண்டு.
மூன்று மணி ஏழு நிமிடம். மூன்று.
விதிப்படி அழைத்தேன்.
கையேட்டுக் கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை.
"நோல்பெர்த்தோ, புதுக் குவளை வாங்கினீர்களா?"
இரைச்சல்.
இரைச்சல்.
"இல்லை, சென்ட்ரல். பழசுக்கே பையன் பிடி ஒட்டிவிட்டான்.
கோணலாக."
எண் இரண்டானது.