குமிழி வந்த இடம்

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது:
'உனக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும்?'
கோலம் என்று எழுதி அடித்தேன்.
தண்ணீர் வருமுன் குழாய் எப்படி இருமும் என்பது தெரியும்.
அந்த இருமலுக்கு எழுந்து
குடங்களை வரிசையில் வைக்கத் தெரியும்.
அதற்கெல்லாம் கட்டத்தில் இடமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை, மாநகராட்சிப் பள்ளி.
அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள்.
முப்பத்தொரு பெண்கள், இரண்டு மின்விசிறிகள்:
ஒன்று சுற்றும்,
ஒன்று சுற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும்.

கேரம் பலகை வந்தது.
தில்ஷாத் ஸ்டிரைக்கரில் விரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது
வீட்டில் அண்ணன்கள் இருக்கிறார்கள் என்று.
சிவப்பைப் போட்டு, ஃபாலோவும் போட்டு,
எதுவும் நடக்காத முகத்தோடு
பவுடரைத் தட்டிவிட்டாள்.

குத்துச்சண்டைக் கையுறைக்குள்
யாரோ ஒரு பையனின் போன வருஷத்து வேர்வை.
முகத்தைச் சுளித்துக்கொண்டே குத்தினோம்.
சுளித்த முகத்தில் குத்து நன்றாக விழுகிறது.

கூடாரம் கட்டச் சொன்ன அன்று
பயிற்சியாளர் போட்ட முடிச்சு நழுவி
தார்ப்பாய் எங்கள் தலையில் விழுந்தது.
இருட்டுக்குள்ளிருந்து காசிமேட்டு ரோஸ்லின் குரல்:
"சார், கயிற குடுங்க."
அவள் போட்டது, இழுத்தால் இறுகும்,
கேட்டால் அவிழும்.

பிளக்கில் மூன்று ஒயர்.
சிவப்பில் உயிர் வரும், கறுப்பில் திரும்பிப் போகும்.
பச்சை மண்ணுக்கு.
மண்ணுக்கு எதற்கு ஒயர் என்று நிறைமதி கேட்டாள்.
"தப்பு நடந்தா ஓடிப்போக ஒரு வழி வேணும்ல"
என்றார் எலக்ட்ரீஷியன் அக்கா.
அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பஞ்சர் வகுப்பு.
மாஸ்டர் வரவில்லை.
போன் அணைந்திருந்தது.
முந்தின நாள் வைத்துவிட்டுப் போன பை மட்டும் இருந்தது.
மேடம், "ஏதாவது படம் வரைங்கம்மா" என்றார்.
கலர் பென்சில் தீர்ந்து இரண்டு நாளாகிறது.

வாசலில்
வாட்ச்மேன் தேவசகாயத்தின் சைக்கிள்,
பின்சக்கரம் செத்துப் பதினோரு நாள்.
அவர் முகத்தில் தினசரியைப் போர்த்தித் தூங்கினார்.
கேட்டோமா என்றால், கேட்டோம்,
மெதுவாக.

டயர் விலக்கச் சாப்பாட்டுக் கரண்டி.
ரோஸ்லின் மீனுக்குக் குடல் எடுப்பதுபோல
டியூபை உருவினாள்.
சத்துணவு அறையின் சாம்பார் வாளியில் தண்ணீர்.
காற்றடித்து, அமுக்கி, நகர்த்தி,
அமுக்கி, நகர்த்தி,
முப்பத்தொரு தலையும் ஒரே வாளிக்குள்.
"தோ! தோ!"
கடுகளவு குமிழி, விடாமல் பேசியது.
தில்ஷாத்தின் கண்மைப் பென்சிலால் வட்டம் போட்டோம்.

தேய்ப்பது சுலபம், பசை பூசுவது சுலபம்.
காயும்வரை தொடாமல் இருப்பதுதான்
யாராலும் முடியவில்லை.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம்.

ஒட்டி, மாட்டி, காற்றடித்தோம்.
கை தட்டினோம்.
பத்து நிமிஷத்தில் சக்கரம் மறுபடி உட்கார்ந்தது.

திரும்ப வாளி.
பழைய இடத்தில் ஒன்றுமில்லை.
வேறு இடத்தில் குமிழி,
கரண்டி நுனி அளவில்.
அந்த ஓட்டை எங்களுடையது.
யார் கரண்டி என்று யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இந்த முறை நானே தேய்த்தேன்,
நானே பூசினேன்,
டயரைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினேன்,
நகம் பிய்ந்தது.

தேவசகாயம் எழுந்து வந்து
சக்கரத்தை அழுத்திப் பார்த்தார்.
"யாரு காத்தடிச்சது?"
காற்று மட்டுமா என்று எங்களுக்குக் கோபம்.
அவர் ஏறி மைதானத்தை ஒரு சுற்று வந்தார்.
மணி அடிக்கவில்லை. அது வேறு பழுது.
நாளைக்கு.

ராத்திரி தட்டைக் கழுவும்போது அம்மா,
"ஏண்டி, கரண்டி இப்படி வளைஞ்சிருக்கு?"
சொல்ல ஆரம்பித்தேன்.
பாதியில் அவள்
ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள்.
குழாய் இருமியது.
இரண்டு பேருமே எழவில்லை.