இருநூறு பாகைக்குக் கீழே

மோரோகோச்சாவில்
தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
உருளைக்கிழங்குதான் வேக மறுக்கும்.
கடலுக்கு மேல் நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர்.
என் மேசையில் கட்டைவிரல் அளவில் ஒரு கல்,
இரும்புக் கறுப்பு.
எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத கனம்.
மணிக்கட்டு ஒரு கணம் தாழும்,
பிறகுதான் நம்பும்.

மாடில்டைட்.
வெள்ளி ஒன்று, பிஸ்மத் ஒன்று, கந்தகம் இரண்டு.
மாடில்டா என்ற சுரங்கம் தந்த பெயர்.
அந்த மாடில்டா யாரென்று கேட்டுப் பார்த்தேன்,
எங்கள் ஆய்வகத்தில் எவருக்கும் தெரியவில்லை.
முதலாளியின் மகளாக இருக்கலாம்.
கடன் கொடுத்தவளாகவும் இருக்கலாம்.

கூடவே கிடக்கும் கலீனா, ஈயத்தின் தாது,
கனசதுரம் கனசதுரமாக ஒழுங்காய் உடையும்.
இது கோபத்தில் கிழித்த காகிதம்.
நகத்தைவிடக் கொஞ்சம்தான் கடினம்.

பொறியாளர் ஹினோஸ்த்ரோசாவிடம் ஒரே கேள்விதான்:
எவ்வளவு வெள்ளி?
வெள்ளிக்கு உருக்காலைக்காரர்கள் காசு தருவார்கள்,
பிஸ்மத்துக்கு அபராதம் போடுவார்கள்.
ஒரே படிகம்.
பாதிக்குக் கூலி, பாதிக்குத் தண்டம்.

கல்லைப் பிசினில் பதித்து
வைரத் தூளில் மூன்று மணி நேரம் தேய்த்தேன்.
நுண்ணோக்கியில் வெள்ளை. எங்கும் வெள்ளை.
எது கலீனா, எது மற்றது,
கண் சத்தியம் பண்ணாது.
இரண்டாவது ஒளி வடிகட்டியைக் குறுக்கே தள்ளினேன்.
கலீனா அணைந்தது.
மேடையைத் திருப்பத் திருப்ப
அந்த இருட்டுக்குள் மெல்லிய கோடுகள்
ஒளிர்ந்தன, மங்கின, ஒளிர்ந்தன,
சன்னல் கண்ணாடியில் உறைபனி கீறியதுபோல
மூன்று திசைகளில்.

சூடாக இருந்தபோது இவை இரண்டில்லை.
இருநூறு பாகைக்கு மேலே
ஈயமும் வெள்ளியும் பிஸ்மத்தும்
யார் எங்கே உட்காருவதென்று பார்க்காமல்
ஒரே கூட்டில் கலந்திருந்தன.
ஆறியது. அவ்வளவுதான் நடந்தது.
யாரும் சண்டை போடவில்லை.
ஆற ஆற அதது ஒதுங்கிக்கொண்டது,
கல்லை விட்டு மட்டும் போகவில்லை.

தெல்மிராவை நினைக்காமல் இதை எழுதினேன்
என்றால் பொய்.

நிறுவனம் ஊரைத் தூக்கிக் கீழே வைத்தபோது
நான் புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்:
வெள்ளைச் சுவர், குழாய்த் தண்ணீர், பதினாலாம் வரிசை.
அக்கா பழைய தெருவிலேயே நின்றுவிட்டாள்,
ஒரு தகரக் கூரை, ஓர் அடுப்பு,
லாரிக்காரர்களுக்கு சூப்.
மூன்று மணிக்கு மலையில் வெடி வைப்பார்கள்.
அதற்கு முன் தட்டுகளையெல்லாம்
அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைப்பாள்.
புழுதி அடங்கியதும் துடைத்து
மறுபடி அடுக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன்,
அவள் வயிற்றெரிச்சலுக்கு
இளஞ்சிவப்பு மருந்துப் புட்டியோடு.
“இதில் என்ன இருக்கிறது?”
பிஸ்மத், என்றேன்.
“உங்கள் கம்பெனி அபராதம் கட்டுகிறதே, அதுவா?”
மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
“அப்படியானால் நல்ல மருந்துதான்.”
வேறொன்றும் பேசவில்லை.
சூப்புக்குக் காசு வாங்கிக்கொண்டாள்,
சில்லறை சரியாகக் கொடுத்தாள்.

திங்கள் காலை ஹினோஸ்த்ரோசா
கதவில் சாய்ந்து கேட்டார்:
இன்னும் நைசாக அரைத்தால் பிரியுமா?
பிரியாது, என்றேன்.
கோடுகள் மாவைவிட மெல்லியவை.
எவ்வளவு அரைத்தாலும்
ஒவ்வொரு துகளிலும் இரண்டும் வரும்.
தலையாட்டினார்.
அறிக்கையில் வெள்ளியின் எண்ணை மட்டும்
சிவப்பில் வட்டமிட்டுக்கொண்டு போனார்.

மூன்றாகப் பத்து நிமிடம்.
வில்லைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்,
கல்லை மேடையிலிருந்து எடுத்து
பஞ்சில் சுற்றி
தரையில் வைத்தேன்.