எழுபதுக்கு இரண்டு பெயர்

சாட்ஸ்வொர்த், ஏழாம் வகுப்பு, 'பி' பிரிவு.
செவ்வாய்க்கிழமை ஐந்தாவது பீரியட்.
முப்பத்திரண்டு மூக்குகளையும்
முதல் நாளே வேலைக்கு வைத்தேன்.

'போன்' சொல்லுங்கள்.
'போங்' என்றது வகுப்பு, கோயில் மணி மாதிரி.
கடைசி எழுத்தை நாக்கால் தொடாதே,
மூக்கில் விட்டுவிடு என்றேன்.
மறுபடியும் போங்.

இவர்களுக்குத் தமிழ் கிடையாது.
வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம்,
மைதானத்தில் கொஞ்சம் ஜூலு.
ஆனால் வருஷா வருஷம் காவடி பார்க்கிற பிள்ளைகள்.
வணக்கம் சொல்லு, கிமேஷ்னி.
சொன்னாள்.
எழுத்தில் இருக்கிற 'ம்'முக்கு உதடு ஒட்டவே இல்லை.
ஒலி அப்படியே மூக்கேறிப் போயிற்று.
அதுதான். அதேதான்.
காரைக்காலில் எனக்கு ஐந்து மாதம் பிடித்தது,
கடைத்தெருவில் பழம் கேட்டுப் பணம் கொடுத்தபோதெல்லாம்
பாதி பிரெஞ்சு மூக்கோடுதான் பேசினேன் என்று தெரிய.

அடுத்த வாரம் மேசையைப் பெண் என்றேன்,
பேனாவை ஆண்.
உயர்திணை அஃறிணை படித்த என் மண்டை
இன்னமும் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை.
பிள்ளைகள் தடுமாறட்டும் என்று காத்திருந்தேன்.
லுவாண்ட்லே கை தூக்கினான்:
'இரண்டே வகையா, மேம்?
எங்கள் ஜூலுவில் பதினைந்து.'

எழுதியும் ஒலிக்காத எழுத்துகளைக் காட்டியபோது
பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:
'வேலைக்கு வராமல் சம்பளம் வாங்கும்
முனிசிபாலிட்டி ஆட்கள்.'
யார் என்று பார்க்காமல் சிரித்துத் தொலைத்தேன்.

பண்பாட்டுப் பாடத்துக்கு ஒரு கோபுரம் ஒட்டினேன்,
பக்கத்தில் முழங்கை நீள ரொட்டி.
பிரெனிஷா வெகுநேரம் பார்த்தாள்.
'குடைந்து கறி ஊற்ற இடமே இல்லையே.'
பீன்ஸ் பன்னி தின்று வளர்ந்தவளின் நியாயமான துக்கம்.

பிறகு எண்கள்.
எழுபது என்றால் அறுபதும் பத்தும்.
தொண்ணூறு என்றால் நான்கு இருபதும் பத்தும்.
வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.
தொண்ணூறுக்குள் நூறு எப்படி நுழைந்தது என்று
எங்கள் ஊரில் யாரைக் கேட்டேன் நான்?

பரீட்சைத் தாளில் தாஷ்லின் முனுசாமி
எழுபதுக்கு 'செப்தாந்த்' என்று எழுதியிருந்தான்.
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
தாளோடு வந்தான், அழவில்லை.
'பியாங்வெனு அப்படித்தான் எண்ணுவார், மேம்.'
யார் பியாங்வெனு?
'ஷாப்பிங் சென்டரில் கார் பார்த்துக்கொள்பவர். காங்கோ.
நம் வகுப்புக் கதவில் அவர் பெயரைத்தான் ஒட்டியிருக்கிறீர்கள்,
கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக.'

சனிக்கிழமை போனேன்.
மஞ்சள் மேலங்கி.
பின்வாங்கும் ஒரு வெள்ளை பக்கிக்கு
இரண்டு கையாலும் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.
போன்ழூர் என்றேன், என் காரைக்கால் மூக்கால்.
ஐந்து மணி தாண்டிவிட்டது, போன்ஸ்வார் என்றார்.
திருத்தியதற்கு நன்றி சொன்னேன்.
தாஷ்லினின் டீச்சரா?
பையன் கெட்டிக்காரன், தொண்டை 'ர' மட்டும் வரவில்லை,
ஆஃப்ரிகான்ஸ் 'க'விலிருந்து பிடித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.
மூன்று வருஷமாக எனக்குத் தோன்றாத வழி.
எழுபதைப் பற்றிக் கேட்டேன்.
'லுபும்பாஷியில் அப்படித்தான், மதாம்.
பயப்படாதீர்கள். எண்பதில் நாம் ஒன்றுதான்.'
அதற்குள் யாரோ ஹாரன் அடித்தார்கள், ஓடினார்.
ஐந்து ராண்டை என் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்,
கொடுத்தால் என்ன அர்த்தம்,
கொடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று.

செவ்வாய்க்கிழமை தாஷ்லினுக்கு மதிப்பெண் கூட்டினேன்.
பலகையில் இரண்டு எழுபதுகளையும் எழுதினேன்,
ஒன்றின் கீழ் ஒன்றாக.
'பரீட்சைக்கு எது, மேம்?'
மேலே இருப்பது.
'அப்போ கீழே இருப்பது?'
சனிக்கிழமைக்கு.
குறித்துக்கொண்டார்கள்.
மணி அடித்தது.
தொண்ணூறு இன்னும் பாக்கி.